ஆளில்லாத நேரத்தில் சாகும் கணினி

எங்கள் வீட்டுக் கணினியை யாரோ கொல்கிறார்கள் என்ற முடிவுக்கு நான் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு வந்தேன். அதற்குள் அது நான்கு முறை செத்திருந்தது. நான்கு முறையும் நான் அந்த அறையில் இல்லை. இதைத் தற்செயல் என்று நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் நான் பிறந்து வளர்ந்த வீடு அப்படிப்பட்டதல்ல.

இறந்தவரைப் பற்றிக் கொஞ்சம். வயது பன்னிரண்டு. மேசைக்குக் கீழே நிற்கும் பெட்டி. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்ததாகச் சொல்வார்கள். பெரிய மாமா வேலை மாற்றலாகிப் போனபோது குக்கர் மூடி வரைக்கும் கட்டி எடுத்துக்கொண்டு, இதை மட்டும் "பசங்க படிப்புக்கு ஆகும்" என்று விட்டுவிட்டுப் போனார். அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மாமா நல்ல நிலையில் எதையும் கொடுத்ததாக எங்கள் குடும்ப வரலாற்றில் பதிவு இல்லை. பெட்டியின் இடது பக்கத் தகடு அவர் காலத்திலேயே தொலைந்துபோயிருந்தது. அதனால் குடல் முழுக்க வெளியே தெரியும். கடிதம் தட்டலாம், பாட்டுக் கேட்கலாம், ஒரு குறையும் சொல்லாது. கனமான வேலை எதையாவது தலையில் ஏற்றினால் மட்டும், பேச்சுமூச்சில்லாமல் போய்விடும். கொஞ்ச நேரம் கழித்துப் பொத்தானை அழுத்தினால், அப்போதுதான் பிறந்த குழந்தைபோல் எழுந்து கடவுச்சொல் கேட்கும்.

எனக்கு இருந்ததோ கனமான வேலை. அனிமேஷன் படிப்பில் இறுதி ஆண்டு. மூன்று நிமிடப் படம் ஒன்று கொடுக்க வேண்டும். என் படத்தில் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடித் தொட்டி உடைந்து, தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கி வருகிறது. ஒவ்வொரு மாடிக்காரரும் அது தனக்கு மேலே இருப்பவரின் வேலை என்று சத்தியம் செய்கிறார்கள். ஆட்களை வரைந்து முடித்துவிட்டேன். தண்ணீர்தான் பாக்கி. தண்ணீர் ஒவ்வொரு படியிலும் எப்படிச் சிதற வேண்டும் என்பதைக் கணினியே கணக்குப் போட்டு வரைய வேண்டும். அதற்கு ஐந்து மணி நாற்பது நிமிடம் ஆகும். ஒரு நொடியின் தண்ணீர் அதற்கு முந்திய நொடியின் தண்ணீரிலிருந்து பிறக்கிறது. நடுவில் நின்றால் போச்சு. மறுபடி மொட்டை மாடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இது வரைக்கும் தண்ணீர் எட்டாவது மாடியைத் தாண்டியதில்லை.

வேறு கணினியில் செய்யலாமே என்பீர்கள். அதற்கு எங்கள் துறைத் தலைவர் குறுக்கே நிற்கிறார். அவருக்குப் பெயர் டவுட் சார். பாடம் முடிந்ததும் "யாருக்காவது டவுட் இருக்கா" என்று கேட்பார். யாருக்கும் இருக்காது. அவருக்கு இருக்கும். போன வருடம் ஒருவன் கடையில் செய்து வாங்கிய படத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். கடைக்காரர் படத்தின் கடைசியில் தன் தொலைபேசி எண்ணை எடுக்க மறந்திருந்தார். அன்றிலிருந்து சட்டம்: ஆரம்பத்தில் பதிவு செய்த சொந்தக் கணினியில்தான் படம் தயாராக வேண்டும். கணக்கு எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்று மென்பொருள் எழுதிவைக்கும் ஓட்டப் பதிவையும் அச்செடுத்து இணைக்க வேண்டும். கடைசி நாள் சனிக்கிழமை மாலை நான்கு மணி. தவறினால் இதே வருடத்தை இன்னொரு முறை படிக்கலாம், இதே டவுட் சாரிடம்.

இனி சந்தேகத்துக்குரியவர்கள்.

கணினி இருப்பது அக்காவின் அறையில். அக்கா ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள். காலை ஆறு மணிக்குப் போய் மூன்றரைக்கு முடித்து, நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்து விழுவாள். அதற்குப் பிறகு மறுநாள் விடியும் வரை அந்த அறையில் ஒரு கொசுகூட சத்தம் போட முடியாது. "உன் டப்பா பக்கத்துல படுத்தா ஹெலிகாப்டர்ல தூங்குற மாதிரி இருக்கு" என்பது அவள் வாதம். அவளுக்குக் காரணம் இருந்தது. வாய்ப்பு இல்லை. கணினி சாகும் நேரங்களில் அவள் யாருடைய முட்டியையோ படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வீட்டிலிருந்தபடி பாடநூல்களுக்குப் பிழை திருத்துபவர். அவருக்குக் கணினிமேல் பகை இல்லை. ஆனால் மிக்ஸி அவர் கையில் இருக்கிறது. மிக்ஸி ஓடினால் மின்சாரம் தடுமாறும் என்று எங்கோ படித்திருந்தேன்.

அப்பாதான் முதல் ஆள். மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். ஒன்பது மணிக்குக் கிளம்பி, தெருத்தெருவாக நடந்து, பன்னிரண்டுக்கு வீட்டுக்கு வருவார். முப்பது வருடமாக அடுத்தவர் வீட்டுச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்தே அவருக்கு ஒரு குணம் வந்துவிட்டது. ஆளில்லாத அறையில் எதுவும் ஓடக் கூடாது. ஓடினால் அவருக்குப் பல் கூசும். நடுக்கூடத்தில் நின்று, "யாருக்காக ஓடுது அது?" என்று கேட்பார். இதற்குப் பதில் சொன்னவர் எங்கள் குடும்பத்தில் யாருமில்லை. எழுந்து போய் அணைத்துவிட்டு வருவோம். எனக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே சுவிட்ச் அணைக்கத் தெரியும் என்று அம்மா சொல்வார். இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகத் தூக்கிப் போவாராம்.

ஆளில்லாத அறையில் ஐந்து மணி நேரமாக உறுமிக்கொண்டிருக்கும் பெட்டி. அதைக் கடந்துபோகும் அப்பா. இதில் துப்பறிய என்ன இருக்கிறது?

ஆனாலும் முறைப்படி விசாரிக்க வேண்டும் என்று புதன்கிழமை, கணினி ஐந்தாவது முறையாகப் போன பிறகு, மெக்கானிக்கை அழைத்து வந்தேன். அவரை ஊதல் அண்ணன் என்பார்கள். எந்தக் கணினியானாலும் முதல் சிகிச்சை வாயால் ஊதுவது. பிறகு பெரிய ஊதி ஒன்றை மாட்டி ஊதுவது. பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊதினார். மாமா காலத்துத் தூசி எழுந்து அக்காவின் தலையணையில் இறங்கியது.

"எனக்கு என்னமோ மெமரி மேலதான் சந்தேகம் தம்பி."

மெமரியைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து பென்சில் ரப்பர் எடுத்து அதன் பற்களைத் தேய்த்தார். மாட்டினார்.

"இப்ப பவர் சப்ளை மேல சந்தேகம்."

"மெமரி மேல இருந்தது என்னாச்சுண்ணே?"

"அது இருக்கட்டும். அது ஒரு பக்கம். சந்தேகம்னு வந்தா நாலு பேர் மேல வரணும், அப்பதான் ஒருத்தன் மாட்டுவான்."

இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது.

வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்த்தார். அதே கதை. பழையதையே திரும்ப மாட்டினார். கடைசியில் மூளைச் சில்லின் தலையில் உட்கார்ந்திருக்கும் குட்டி விசிறியை விரலால் சுற்றிவிட்டுப் பார்த்தார். "இது கொஞ்சம் சோம்பேறியாயிடுச்சு. மெதுவாத்தான் சுத்துது. இந்த மாடலுக்கு இப்ப எங்கயும் கிடைக்காது. ரொம்ப வேலை குடுத்தா சூடேறி, தன்னைக் காப்பாத்திக்க அதுவே அணைஞ்சிரும். ரூம்ல காத்து இருந்தா சமாளிக்கும்."

"சூடுதான் காரணமாண்ணே?"

"சந்தேகம்தான். சூடு காட்டுற சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டுத் தரேன். நீயே பக்கத்துல உக்காந்து பாரு."

போட்டுக் கொடுத்தார். கழுத்து மடங்கிய அவருடைய திருப்புளியை மேசைமேல் மறந்து வைத்துவிட்டுப் போனார்.

அன்று மதியம் ஒன்றே காலிலிருந்து மூன்றரை வரை அசையாமல் உட்கார்ந்து சூட்டைப் பார்த்தேன். எழுபத்தொன்று, எழுபத்திரண்டு, எழுபத்தொன்று. தண்ணீர் எட்டாவது மாடியைத் தாண்டி ஏழுக்கு இறங்கியது. கணினி கன்றுக்குட்டிபோல் சாதுவாக இருந்தது. நான்கு மணிக்கு அக்கா வந்து, தலையணையைப் பார்த்து, என்னைப் பார்த்து, கணினியை அணைக்கச் சொன்னாள். அணைத்தேன். அது கொலையல்ல, நீதிமன்ற உத்தரவு. கணக்கில் சேர்க்கவில்லை.

சூடு குற்றமற்றது என்று நிரூபணமாகிவிட்டது. நான் இருந்தால் சாகாது. நான் போனால் சாகும். சூட்டுக்கு நான் இருப்பதும் போவதும் எப்படித் தெரியும்? அப்படியானால் இது மனிதச் செயல்.

வியாழக்கிழமை காலை கணக்கை ஓடவிட்டு, கணினியின் பிளக் சுவிட்சுக்குக் குறுக்கே என் தலைமுடி ஒன்றைப் பசையால் ஒட்டினேன். யார் அணைத்தாலும் முடி அறும். கல்லூரிக்குப் போனேன். மதியம் வந்தேன். கணினி செத்திருந்தது. முடி அப்படியே இருந்தது. மறுபடி ஓடவிட்டு, சாப்பிடப் போவதுபோல் போய், முக்கால் மணி கழித்து வந்தேன். செத்திருந்தது. முடி என்னைப் பார்த்துச் சிரித்தது.

இந்த இடத்தில் அறிவுள்ளவன் அப்பாவை விட்டிருப்பான். நான் அவரைச் சாதாரண ஆள் இல்லை என்று முடிவு செய்தேன். முப்பது வருட அனுபவம். மெயின் பெட்டியிலேயே கையை வைத்திருப்பார். சாப்பாட்டு மேசையில் நேரடியாகவே கேட்டேன்.

"அப்பா, மறைக்காம சொல்லுங்க. கம்ப்யூட்டரை நீங்கதானே நிறுத்துறீங்க?"

அப்பா கையில் இருந்த டம்ளரை வைத்தார். "எதை?"

"அக்கா ரூம்ல இருக்குறதை. ஆளில்லாம ஓடுதுன்னு."

"அது ஓடுதுன்னு எனக்குத் தெரியும். உன் படிப்புன்னும் தெரியும். பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் அந்தப் பக்கம் போறேன் வரேன்."

"அப்ப யாரு?"

"எங்கிட்ட கேக்குற?"

"வீட்ல மூணு பேர்தான்பா இருக்கோம்."

அம்மா தலை நிமிராமல், "என்னையும் சேத்துக்கோ. விடுபட்டுப் போச்சுன்னு இருக்க வேண்டாம்" என்றார்.

அப்பா கையைக் கழுவினார். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "முப்பது வருஷம். ஒரு வீட்டு மீட்டர்ல ஒரு புள்ளியைக்கூடத் தப்பா எழுதுனேன்னு எவனும் சொன்னதில்ல. என் வீட்லயே என்னைத் திருடன்னு சொல்ல ஒரு பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு அந்த அறை இருக்கும் பக்கமே திரும்பவில்லை. போக வேண்டியிருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார். குற்ற உணர்வு என்று குறித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கல்லூரி விடுமுறை. மறுநாள் வாய்மொழித் தேர்வுக்குப் படிக்க விட்டது. நான் செய்தது வேறு. கணக்கை ஓடவிட்டேன். அலமாரியில் இரண்டு அகராதிகளுக்கு நடுவே என் செல்போனைச் செருகி, அறை முழுக்கத் தெரியும்படி வீடியோவை ஓடவிட்டேன். நூலகத்துக்குப் போகிறேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி இரண்டு முறை சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மதியம் திரும்பி வந்தபோது எதிர்பார்த்தபடி எட்டாவது சாவு. மனதில் அப்படியொரு நிம்மதி. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

நான்கு மணிக்கு அக்கா வந்ததும் எல்லோரையும் அந்த அறைக்கு அழைத்தேன். அப்பா வர மறுத்தார். "அந்த ரூமுக்குள்ள நான் கால் வைக்கிறதா இல்ல" என்று வாசற்படிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அங்கிருந்தே எட்டிப் பார்த்தார். வீடியோவைக் கணினித் திரையில் போட்டேன். முதல் ஒரு நிமிடத்தில் நான்தான் இருப்பேன் என்பதால் தள்ளிவிட்டேன்.

எட்டு முப்பத்தைந்து. அப்பா உள்ளே வருகிறார்.

"இந்தா வந்துட்டாரு" என்றேன்.

வீடியோவில் அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு திரை முன்னால் நின்றார். தண்ணீர் படியில் சிதறுவதை இரண்டு நிமிடம் பார்த்தார். குனிந்தார். பெட்டிக்குள் பார்த்தார். "நல்லாத்தான்டா இறங்குது" என்று அதனிடம் சொன்னார். போய்விட்டார்.

வாசற்படிக்கு வெளியே இருந்த அப்பா மேற்கூரையைப் பார்த்தார். அறையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

எட்டு ஐம்பதுக்கு அம்மா வந்தார். படத்தின் தலைப்பை மூக்கு தொடும் தூரத்தில் படித்தார். உச்சுக் கொட்டினார். போய்விட்டார்.

"அதுல ஒரு ஒற்றுப் பிழை இருக்கு" என்றார் அம்மா. "சொல்லலாமா வேண்டாமான்னு பாத்தேன்."

அதன் பிறகு யாரும் வரவில்லை. ஒரு ஈ வந்தது. ஒன்பது ஏழுக்கு, ஆளில்லாத அறையில், யாரும் தொடாத கணினி கறுத்துப்போனது. ஈயை இரண்டு முறை பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன்.

"ஈயா?" என்றாள் அக்கா.

"ஈ இல்ல. நேரம் ஒத்துவரல."

"முதல்லேர்ந்து போடு."

"முதல்ல நான்தான் இருக்கேன்."

"அதான் போடுன்றேன். படம் பாக்குறது என் பொழப்பு. எல்லாரும் எலும்பு உடைஞ்ச இடத்தையே பாத்துட்டு இருப்பாங்க. நாங்க ஓரத்தைப் பாப்போம்."

போட்டேன். அகராதிகளுக்கு நடுவே என் முகம் பெரிதாகத் தெரிந்தது. அவ்வளவு அறிவுக்களை இல்லாத முகம். அது பின்வாங்கியது. வாசலை நோக்கி நடந்தது. வெளியே போனது.

"நிறுத்து" என்றாள் அக்கா. "காலண்டரைப் பாரு."

சுவரில் காலண்டர் தாள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் வெளியே போனதும் மெல்ல மெல்ல ஓய்ந்து, சுவரோடு ஒட்டி நின்றது.

"ஏன் நின்னுச்சு?"

அவள் என் கையிலிருந்து மவுஸை வாங்கி, பத்து நொடி பின்னால் இழுத்து, ஒவ்வொரு காட்சியாக நகர்த்தினாள். நான் வாசலைத் தாண்டுகிறேன். முகம் முன்னால் பார்க்கிறது. கால் வெளியே. இடது கை மட்டும் உடம்போடு போகாமல் ஒரு கணம் பின்தங்கி, நிலைப்படிக்கு உள்பக்கம் நீண்டு, சுவிட்ச் பலகையைத் தொடுகிறது. டிக். ஃபேன்.

அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரத்திலும் அது என்னோடுதான் இருந்தது, மவுஸ் பக்கத்தில், மிக அமைதியாக.

"எட்டுத் தடவையும்" என்றாள் அக்கா.

நான் அறையில் இருந்தால் ஃபேன் ஓடும். திறந்துகிடக்கும் பெட்டியின் குடலுக்குக் காற்று கிடைக்கும். நான் வெளியேறும்போது, இந்த வீட்டில் வளர்ந்த எவனும் செய்வதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறேன். மூடிய ஜன்னல், வெயில் காலம், சோம்பேறிக் குட்டி விசிறி. அரை மணியில் வெந்துபோயிருக்கிறது.

"இன்னிக்கு நாள் முழுக்க அது பக்கத்துலயே உக்காந்திருந்தா, இந்நேரம் தண்ணி கீழ வந்திருக்கும்" என்றாள் அக்கா. "உனக்கு லீவு வேற."

அது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குக் குற்றவாளி தேவைப்பட்டிருந்தான்.

வாசற்படிக்கு வெளியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "இன்னொரு தடவை போடு. அந்தக் கையை." போட்டேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "பழக்கம் நல்லா வந்திருக்கு" என்றார்.

இப்போது சிக்கல் இதுதான். மிச்சம் இருப்பது சனிக்கிழமை மட்டும். காலை எட்டு இருபதுக்கு ஓடவிட்டால் இரண்டு மணிக்குக் கணக்கு முடியும். நான்கு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஆனால் பத்து மணிக்கு எனக்கு வாய்மொழித் தேர்வு. அக்கா வேலைக்குப் போய்விடுவாள். அம்மா பதிப்பகத்துக்குத் தாள்களைக் கொடுக்கப் போக வேண்டும். வீட்டில் இருப்பது விடுமுறையில் இருக்கும் அப்பா ஒருவர்.

"அப்பா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஃபேன் ஓடட்டும்."

"ஆளில்லாத ரூம்லயா?"

"படிப்புக்காகப்பா."

"கம்ப்யூட்டர் ஓடுறதே எனக்குப் பாதி உயிர். ஃபேனும் ஓடினா நான் வெளியதான் போகணும். போனா ஞாபகம் வரும். வந்தா அணைச்சிருவேன். அப்புறம் என்னைச் சொல்லாத."

அக்கா சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டலாம் என்றாள். அப்பா அவளைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே விழுந்தது. நானும் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். முந்தின நாள் திருடன் என்று சொன்ன வாய் அல்லவா.

"அப்ப நீங்க உள்ள உக்காந்துக்கிறீங்களா? ஆள் இருந்தா ஓடலாம்ல."

அப்பா யோசித்தார். சட்டத்தில் ஓட்டை இருக்கிறதா என்று எல்லாப் பக்கமும் தட்டிப் பார்ப்பது தெரிந்தது.

"அந்த ரூமுக்குள்ள கால் வைக்கிறதா இல்லன்னு சொன்னேன்."

"சாரிப்பா."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு மணி நாப்பது நிமிஷம்."

"பேப்பர் வாங்கிக் குடுத்துட்டுப் போ. ரெண்டு."

சனிக்கிழமை எட்டு இருபதுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அப்பா நாற்காலியில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். வெளியே போகும்போது என் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு போனேன். பேருந்தில் ஒரு முறை, கல்லூரி வாசலில் ஒரு முறை, தேர்வு அறைக்கு முன்னால் ஒரு முறை அப்பாவைக் கூப்பிட்டேன்.

"எத்தனாவது மாடிப்பா?"

"பத்து."

"நீங்க நாற்காலியிலதான் இருக்கீங்களா?"

"பின்ன, ஃபேன்லயா தொங்குறேன்? வச்சிட்டுப் படி."

பன்னிரண்டு மணிக்குக் கேட்டபோது ஐந்தாவது மாடி. "அஞ்சாவது மாடிக்காரன் மூஞ்சி உங்க பெரிய மாமா மாதிரியே இருக்கே" என்றார். அது தற்செயல் என்றேன்.

ஒன்றே காலுக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஒன்று இருபது. எடுக்கவில்லை. மனிதருக்குத் தாகம் எடுக்கும். எழுந்து போவார். முப்பது வருடக் கை. என் கையாவது இருபது வருடக் கை, அதுவே எட்டுக் கொலை செய்திருக்கிறது. பேருந்தில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன். நின்றால் சீக்கிரம் போகும் என்று ஒரு நம்பிக்கை.

எங்கள் தெருவில் திரும்பினேன். அப்பா எதிர்வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். மீட்டர் பெட்டி திறந்திருந்தது. எதிர்வீட்டு அம்மா தள்ளி நின்று பதைபதைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா."

"மீட்டர்ல பொறி பறக்குதுன்னு ஓடி வந்தாங்க. அதைப் பாக்காம எப்படி இருக்குறது?"

"ஃபேன்?"

அப்பா பதில் சொல்வதற்குள் வீட்டுக்குள் ஓடினேன். அறை வாசலிலேயே காற்று முகத்தில் அடித்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. காலண்டர் அடித்துக்கொண்டிருந்தது. நாற்காலியில், செய்தித்தாளை நெஞ்சில் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடி ஊதல் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். கையில் திருப்புளி.

காலடிச் சத்தத்தில் கண் விழித்தார். "தம்பி, இதை எடுக்கத்தான் வந்தேன். உங்கப்பா கையைப் பிடிச்சு உக்கார வச்சிட்டாரு. ஏன்னு கேட்டேன். 'ஆள் இருக்கணும்'னாரு. எதுக்குன்னு சொல்லல. அவர் மேல எனக்கு ஒரு சின்ன சந்தேகம். மனசு ஏதும் சரியில்லையா?"

"போன் அடிச்சுதேண்ணே."

"அடிச்சுது. அடுத்தவங்க போனை நான் எடுக்குறதில்ல."

திரையில் தண்ணீர் முதல் மாடியிலிருந்து கடைசிப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி ஐம்பத்தேழுக்கு அது தெருவைத் தொட்டது. ஊதல் அண்ணன் மரியாதைக்கு ஒரு முறை பெட்டியை ஊதினார். தலைப்பில் இருந்த ஒற்றுப் பிழையைத் திருத்தி, படத்தைச் சேமித்து, ஓட்டப் பதிவை அச்செடுத்துக்கொண்டு ஓடினேன்.

டவுட் சார் தன் அறையில் தனியாக இருந்தார். மேசை நிறையத் தாள்கள். படத்தை முழுக்கப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஓட்டப் பதிவை எடுத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"எட்டுத் தடவை தானா நின்னிருக்கு. ஒரு தடவை நிறுத்தியிருக்கு."

"ஆமா சார்."

"பத்தாவது தடவை அழகா ஓடியிருக்கு. கடைசி நாள்ல."

"ஆமா சார்."

"நடுவுல மெஷின் மாறிச்சா?"

"இல்ல சார். ஃபேன் ஓடிச்சு."

முழுக் கதையையும் சொன்னேன். பிளக்கில் ஒட்டிய முடி, அகராதி, காலண்டர், கை, ஊதல் அண்ணன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்போல் கேட்டது. வீடியோவைக் காட்டினேன்.

"வீடியோவை எப்ப வேணா எடுக்கலாம்" என்றார். "அதாவது, நீயே நிறுத்திட்டு, நீயே ஒரு வாரம் ஆளைத் தேடியிருக்க."

"ஆமா சார்."

"உங்கப்பாவைத் திருடன்னு வேற சொல்லியிருக்க."

"சொல்லலை சார். கேட்டேன்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்கு நம்பிக்கை வரலை. வெளிய உக்காரு. யோசிச்சுக் கூப்பிடுறேன்."

மூன்று ஐம்பது. ஒரு வருடம் கையை விட்டு நழுவுகிற ஓசை காதில் கேட்டது. எழுந்தேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தேன். நிலைப்படியைத் தாண்டினேன்.

டிக்.

அறைக்குள் ஃபேன் மெல்ல ஓய்ந்து நின்றது. மேசைத் தாள்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

"தம்பி."

"சார்."

"நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்."

திரும்பி வந்து என் இடது கையைப் பார்த்தேன். அது சுவிட்சின் மேலேயே இருந்தது. போட்டேன். ஃபேன் சுற்றத் தொடங்கியது. முதலில் பறக்கக் கிளம்பியது என் ஓட்டப் பதிவுதான். டவுட் சார் அதை உள்ளங்கையால் அமுக்கினார். என் கையை ஒரு முறை பார்த்தார். பிறகு, அந்தத் தாள் பறக்காமல் இருக்க, அதன் மேல் ஏற்பு முத்திரையை வைத்து அழுத்தினார்.